உன் நந்தியாவட்டையில் ஒரு பச்சைப் புழு

மச்சான்,

போன சனிக்கிழமை காலையில் நந்தியாவட்டையின் அடியில், சிமெண்டுத் தரையில், மிளகு கொட்டியதுபோல் கறுப்பு உருண்டைகள் கிடந்தன. உன் தங்கச்சிதான் மிளகைச் சிந்திவிட்டாள் என்று நினைத்து, ஒன்றைப் பொறுக்கி முகர்ந்தும் பார்த்தேன். பச்சை இலை வாசம். புழுவின் கழிவு என்று புரிந்த நொடியில் உன் சிரிப்பு காதில் கேட்டது. நீ கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகியும் அந்தச் சிரிப்புக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். நடுவிரல் பருமனில் பச்சைப் புழு. வால் பக்கம் ஒரு சின்னக் கொம்பு. முன்பக்கம் நீலமாக இரண்டு கண்கள் என்னையே முறைத்தன. "பாம்புக்குட்டிலா" என்று கத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன்.

உன் தங்கச்சி பூச்சிமருந்துப் போத்தலோடு வந்தாள். ஒரு கிளை ஏற்கெனவே மொட்டை. "அண்ணே கொடுத்த மரம். இதுவும் போச்சுன்னா அவரு ஞாபகமா என்ன இருக்கு?" என்றாள். உண்மைதான். ஜெலாப்பாங்கில் உன் வீட்டு வேலியிலிருந்து நீ ஒடித்துக் கொடுத்த குச்சி இது. அந்த வீட்டை வாங்கியவர்கள் வேலியைப் பிடுங்கி, வாசல் முழுக்கச் சிமெண்டு போட்டுவிட்டார்கள்.

நான் கைப்பேசியில் படம் எடுத்தேன். பாதிப் படம் என் கட்டைவிரல். கைப்பேசி அதை வாழைப்பழம் என்றது.

"தள்ளி நில்லுங்கப்பா" என்றாள் மகள்.

"தொடாத. இது அரிக்கிற சாதி. பாத்தாலே தெரியுது."

"பாத்தாலே தெரியுதுன்னுதான் உங்கப்பா பட்டுப்புழு வளத்தாரு" என்றாள் உன் தங்கச்சி.

மறக்க விடுவாளா? பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாம் இருவரும் பால் வெட்டிய காலம். பளபளவென்று முடியோடு ஊர்ந்த ஒன்றைப் பிடித்து, "பட்டுப்புழு மச்சான், என் கல்யாண வேட்டிக்கு ஆச்சு" என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் நெஞ்செல்லாம் தீ. நீ மரத்தில் பால் பிடிக்கும் மங்கிலிருந்து பாலை வழித்து என் நெஞ்சில் பூசினாய். காய்ந்ததும் உரித்தாய். புழுவின் முடி வந்தது, கூடவே என் முடியும். "வேட்டிதான் கேட்ட, அது பனியனே நெய்து கொடுத்திருக்குலா" என்று உரித்த ரப்பர் தோலைத் தூக்கிக் காட்டினாய். சிரித்து முடித்தபின் சொன்னாய்: "பேரு வைக்கிறதுக்கு முன்ன அது எதைத் தின்னுதுன்னு பாருடா. புழுவுக்கு ஐ.சி., அடையாளக் கார்டு, அது தின்னுற இலைதான்."

நான் அதையே மகளிடம் சொன்னேன். "நந்தியாவட்டை இலை தின்னுற, கொம்பு வச்ச புழுன்னு தேடு." உடனே கிடைத்தது. அரளியும் தின்னுமாம். வளர்ந்தால் பெரிய பச்சை அந்துப்பூச்சி. கடிக்காது, அரிக்காது. நீலக் கண்கள் கண்களே இல்லை, பயமுறுத்துவதற்கான வேஷம்.

"உங்கள மாதிரி ஆளுங்களுக்காகத்தான்பா" என்றாள் மகள்.

உன் தங்கச்சி சிரிக்கவில்லை. "மரம் சாகுமா?"

"இலை போவும்மா. திரும்பத் துளிர்க்கும்னு போட்டிருக்கு."

"துளிர்க்கலன்னா உங்கப்பாவத்தான் கேப்பேன்." போத்தலைக் கீழே வைத்தாள்.

நாலு நாள் மிச்சம் வைக்காமல் தின்றது. பிறகு பழுப்பாகி, இறங்கி, சருகுக்குள் போய்விட்டது. மரம் வெறும் குச்சியாக நின்றது. அவள் மரத்தைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள்.

இன்று காலை பொறுக்காமல், தண்டை நகத்தால் லேசாகக் கீறினேன். பட்டுப்போன மரமா என்று தோட்டத்தில் பார்ப்போமே, அப்படி. வெள்ளையாகப் பால் துளிர்த்து வழிந்தது. அவள் விரல் நுனியில் தொட்டுப் பார்த்தாள்.

"உயிரு இருக்கு. அண்ணேகிட்ட சொல்லிடுங்க" என்றாள்.

சொல்லிவிட்டேன், மச்சான். எதைப் பார்த்தாலும் உடனே பேர் வைக்கிற வாய் எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் வாய் திறக்கும் முன் 'அது எதைத் தின்னுது' என்ற உன் கேள்வி குறுக்கே வந்து நிற்கிறது. பாதி நேரமாவது அதற்குக் கட்டுப்படுகிறேன்.