மேல்தோல் ஆராய்ச்சிக்காரிக்கு

நேற்று ஒரு கல்யாணப் பந்தியில் என் மானம் போச்சு. சாம்பார் வாளி பக்கத்தில் வந்ததும் என் இடுப்பிலிருந்த சுருக்குப்பை டக்கென்று அதில் ஒட்டிக்கொண்டது. பரிமாறியவர் ஒரு பக்கம் இழுக்கிறார், நான் ஒரு பக்கம் இழுக்கிறேன். "பழைய இரும்புக்காரி சாம்பார் வாளியைக்கூட வுட்டுவைக்கல" என்று பந்தியே சிரித்தது.

பைக்குள் இருந்தது அந்தக் காந்தம்தான். ஓட்டை லவுட் ஸ்பீக்கரிலிருந்து நான் கழற்றிய வளையம். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் பித்தளை என்று இன்றைக்கும் அதை வைத்துத்தான் கடை நடக்கிறது. நீ இறந்துபோன சேதி வந்ததிலிருந்து அதைக் கடையில் விட்டுவிட்டு வர மனசு வரவில்லை.

எண்பதுகளில் ஒரு கோடை லீவுக்கு நீ வெளிநாட்டிலிருந்து வந்தாய். நேராகப் பெரிய மார்க்கெட் பின்னாலிருந்த என் கடைக்கு வந்து, பழைய பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்து முறுக்கு கேட்டாய்.

"அங்க போயி என்னாடி படிக்கிற?"

"மேல்தோல்."

"யாரு தோலு?"

"இரும்பு, கண்ணாடி மாதிரி கெட்டிப் பொருளோட மேல்தோலு. ஒரு பொருள் இன்னொண்ணத் தொடுதே, அந்த எடம்."

அப்போது என் கையில் பளபளவென்று ஒரு பித்தளை விளக்கு இருந்தது. அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தேன். உள்ளே சாம்பல் நிறத்தில் இரும்பு. "பாத்தியா? தோலை நம்பினா நான் கடையை மூடிடணும். நீ அந்தத் தோலைப் பாக்க ஏரோப்ளேன் ஏர்ற!"

சிரித்தாய். பாதியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது. "அப்பா திரும்பப் போகாதங்கறாருடி."

உன் அப்பா, எனக்குச் சித்தப்பா முறை, மில்லில் மெஷின் பிட்டர். கெட்டவர் இல்லை. உங்கள் வீடு இருந்த சாரம் பகுதியில் பார்க்கிறவர்கள் எல்லாம் "பொண்ணு என்னா வேலை பண்ணுது?" என்று கேட்டுக் கேட்டு, பதில் தெரியாமல் நொந்துபோயிருந்தார். "எனக்குப் புரியற மாதிரி சொல்லிட்டுப் போ. இல்லன்னா இங்கயே ஒரு வேலை பாரு" என்று சொல்லிவிட்டார். அங்கே மேல்தோலைப் பார்க்க நீங்கள் கட்டிய மெஷின் அப்போதுதான் வெளிச்சம் கொடுக்க ஆரம்பித்திருந்தது. நீ போகாவிட்டால் அதில் வேலை செய்யும் உன் முறை வேறொருவருக்குப் போய்விடும்.

அன்று சாயங்காலம் நானும் உன்னோடு உன் வீட்டுக்கு வந்தேன். நீ வாங்கி வந்த கலர் டிவி கூடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நீ தரையில் சாக்பீஸால் காந்தம் காந்தமாக வரைந்தாய். அப்பா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், புரியவில்லை என்று.

எனக்குக் கை சும்மா இருக்குமா? "சித்தப்பா, காந்தம்னா இதான்" என்று என் வளையத்தை எடுத்து டிவி கண்ணாடியில் வைத்தேன். படம் நெளிந்து சுழித்துக்கொண்டு போனது.

"எடுடீ!" என்று கத்தினாய். அடுத்த நொடியே, "எடுக்காத, அப்படியே வெச்சிரு" என்றாய்.

"அப்பா, பாருங்க. இதுக்குள்ள எலக்ட்ரான்னு பொடிப்பொடியா ஓடுது. காந்தம் அதை வளைக்குது. இங்க அது கண்ணாடில மோதினாத்தான் வெளிச்சம். எங்க மெஷின்ல மோதவே வேணாம். காந்தத்த வடக்கு, தெற்குன்னு மாத்தி மாத்தி வரிசையா வெச்சு, நடுவுல படுவேகமா ஓட வுட்டா, நெளியற நெளிவுலயே வெளிச்சம் வரும். வேகத்தை மாத்தினா நிறமும் மாறும்."

"அந்த வெளிச்சம் எதுக்கு?"

"மில்லுல மெஷின் எங்கப்பா தேயும்?"

"ரெண்டு இரும்பு ஒரசற எடத்துல."

"துரு எங்க புடிக்கும்?"

"மேலதான்."

"அந்த எடத்துல என்னா ஒட்டியிருக்குன்னு பாக்கத்தாம்பா. ஒவ்வொண்ணும் அதுக்குன்னு உள்ள நிறத்தைத்தான் முழுங்கும். எந்த நிறம் காணாமப் போவுதுன்னு பாத்தா, ஒட்டியிருக்கறது எதுன்னு தெரிஞ்சிடும்."

அவர் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "இதை மொதல்லயே சொல்றதுக்கு என்னா? போய்ட்டு வா."

போனாய். அந்த வெளிச்சத்தால் இரும்பின் தோலைப் படித்தாய். ஐந்தாவது தாண்டாத நான் இன்றைக்கும் கடைக்கு வருகிறவர்களிடம் துருப்பிடித்த தகட்டைக் காட்டி, "இதுக்குன்னே வெளிச்சம் கட்டினவ, இந்தப் பேப்பர் கட்டு மேலதான் உக்காந்து முறுக்கு தின்னா" என்கிறேன். அரத்தை எடுக்கும் முன் தோலையும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன், உனக்காக.

ஒன்று மட்டும் உனக்குச் சொல்லவே இல்லை. கலர் டிவியில் காந்தத்தை வைத்தால் கறை நிற்குமாம். "எடுடீ" என்று நீ கத்தியது அதற்குத்தான் என்று பிறகு தெரிந்தது. நீ விமானம் ஏறிய அன்று உன் அப்பாவோடு உட்கார்ந்து அந்த டிவியில் செய்தி பார்த்தேன். திரையின் நடுவில் பச்சையாக ஒரு வட்டம். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்னாங்க இது?" என்றார்.

"அதுவா? எம் பொண்ணோட ஆராய்ச்சி" என்றார் அப்பா.

செய்தி வாசித்த அம்மா பச்சை மூக்கோடு வணக்கம் சொல்லி முடித்தார்.