பின் சீட்டுப் பொலித்தீன்

இன்று காலை கந்தப்பளையிலிருந்து ஒரு முஸ்லிம் நானா கார் பார்க்க வந்தார். மரக்கறிக் கடை வைத்திருப்பவர். "எத்தன பேரு ஓட்டுன காரு?" என்று கேட்டார். "ரெண்டே பேருதாங்க" என்றேன். பின் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டவர், விட்ட வேகத்தில் வெளியே எடுத்தார். "என்ன தம்பி, இப்பிடி ஓத வாடை அடிக்குது?"

எனக்கு அந்த வாடை பழகிப்போன ஒன்று. அடைமழையில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுச் சுவர் நாறுமே, அதே நாற்றம். நீ செத்து எட்டு மாதமாகிறது. அந்தக் கதவைத் திறக்கும்போதெல்லாம் உன் ஞாபகம் மூக்கு வழியாகத்தான் வருகிறது.

உன் சாவு வீட்டில் ஆளாளுக்கு உன்னைத் தங்கமான மனுசன் என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. தங்கமாவது, மண்ணாங்கட்டியாவது! மஸ்கெலியா டவுனில் உன் வாயில் விழுந்து எழும்பாத கார்க்காரன் ஒருவன் உண்டா? செத்தவனைப் பற்றிப் பொய் சொல்ல எனக்கு வராது. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

நீ கார் புரோக்கர். நான் கராஜில் பெயிண்ட் அடிப்பவன். ஒரே லயத்தில் பிறந்து, ஒரே பைத்தியம் பிடித்து வளர்ந்தோம். தூரத்தில் வரும் காரின் நம்பரைப் பார்த்ததும் அது எந்த வருசம் இறங்கியது என்று நீ சொல்வாய். எந்தக் கதவுக்கு மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறது என்று நான் சொல்வேன். "டொக்டர் ஓட்டுன காருன்னு எவனாவது சொன்னா, அந்த டொக்டருக்கு இருமல் மருந்து எழுதத் தெரியுமான்னு கேளு" என்பாய். எவ்வளவு தூரம் ஓடியது என்று மீட்டரைப் பார்க்கவே மாட்டாய். குனிந்து பிரேக் பெடலின் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்றுதான் பார்ப்பாய். "கொழும்புக் காரு மேல மினுங்கும்டா. கார்ப்பட்டத் தூக்கிப் பாரு, உப்புக்காத்து தின்னுருக்கும். நம்ம மலையில ஓடுன காருக்கு கிளச்சுதான் போயிருக்கும், உடம்பு சுத்தம்." வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு ஓட்டை உடைசலுக்கெல்லாம் மவுசு வந்தபோது, ஊரே உன்னைத் தேடி வந்தது. நீ இன்னும் கொழுத்துப் போனாய்.

ஓய்வு பெற்ற மாஸ்டர் ஒருவர் முதல் முதலாகக் கார் வாங்கி, குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிற வழியில் பஸ் ஸ்டாண்டில் நிறுத்தினாரே, நினைவிருக்கிறதா? நீ காரைச் சுற்றி வந்தாய். "மாஸ்டர், இது ஒரு காரில்ல, ரெண்டு. முன்பக்கம் ஒன்னு, பின்பக்கம் ஒன்னு. நடுவுல ஒட்ட வச்சுக் கல்யாணம் பண்ணி வச்சிருக்கானுங்க" என்றாய். நான் விரலால் கதவைத் தட்டி, பட்டி பூசி மறைத்த இடம் பொத்தென்று சத்தம் போடுவதை எல்லாருக்கும் கேட்கக் காட்டினேன். அவர் மனைவி பட்டுச் சேலையோடு இறங்கி நின்றார். மாஸ்டரின் முகம் செத்துப்போனது. நாம் இரண்டு பேரும் பிளேன்டீ குடித்து முடிக்கும்வரை சிரித்தோம்.

ஆனால் உன் அகராதியிலேயே கேவலமானவன், சீட்டுப் பொலித்தீனை உரிக்காமல் வைத்திருப்பவன்தான். "இந்தக் குளுருல பொலித்தீன் போட்டா ஓதம் உள்ள எறங்கி அடைஞ்சுக்கும். ஆறே மாசம், சீட்டு அழுகிரும். சீட்ட நம்பாதவன் எதுக்குடா காரு வாங்குறான்?" அடுத்தவன் காரில்கூட நீயே கையை விட்டுக் கிழித்து எறிவாய். உன்னுடைய வெள்ளைக் காரில் துணி சீட்டு, மேலே ஒரு உறை கிடையாது. பின் சீட்டு புதுசு போலவே இருந்தது. அதில் நீ யாரையும் உட்கார விட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நீ மறந்திருப்பாய். ரோட்டு வளைவில் மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீரில் உன் காரைக் கழுவிக்கொண்டிருந்தோம். பின் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவன் நான். அன்றைக்குத் தேயிலைக் கொழுந்து கூடுதல் என்று பெண்கள் வேலைக்கு இறங்கியிருந்தார்கள். நாலாம் நம்பர் மலையில் குளவிக் கூடு கலைந்து கொட்டிவிட்டது. நாலைந்து பேராக என் மனைவி சாந்தியைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி வந்தார்கள். முகம் வீங்கி, கண் தெரியாமல், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கெல்லாம் சேறும் வாந்தியுமாக இருந்தாள்.

"அண்ணே, காரக் கொண்டாங்க!" என்று ஒருத்தி கத்தினாள். நீ சாந்தியைப் பார்த்தாய். பிறகு சீட்டைப் பார்த்தாய்.

"வாந்தி எடுத்துக்கிட்டே இருக்கேடா. சீட்டு போயிரும். கொழுந்து லொறி இப்ப வந்திரும், தங்கச்சிய அதுல ஏத்து" என்றாய்.

தங்கச்சி! அந்த வார்த்தைக்காகவே உன்னைச் செருப்பால் அடித்திருக்க வேண்டும். நான் அடிக்கவில்லை. இதுவரை யாரிடமும் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன்: நானும் சீட்டைத்தான் பார்த்தேன். இப்போதுதானே துடைத்தேன் என்று ஒரு நொடி நினைத்தேன். துணி கையில் இருந்தது. லொறி வர முக்கால் மணி நேரமானது. கொழுந்துச் சாக்குகளின் மேல் படுக்க வைத்துக் கொண்டுபோனேன். பிழைத்துவிட்டாள். ஆனால் அன்று அவளுக்குக் கண்தான் தெரியவில்லை, காது நன்றாகக் கேட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகு ஒரே ஒரு முறை கேட்டாள். "அவருதான் அப்பிடிச் சொன்னாரு. நீங்க ஏங்க பேசாம நின்னீங்க?"

அதற்குப் பிறகும் உன்னோடு பிளேன்டீ குடித்தேன். கார் பேச எனக்கு வேறு ஆள் இல்லை.

பிறகு உனக்கு ஈரல் கெட்டது. காரை விற்க வேண்டி வந்தபோது பெரிய ஆட்களெல்லாம் கேட்டார்கள். நீ எனக்குத்தான் கொடுத்தாய். "ஒனக்குத்தான்டா இதோட அருமை தெரியும்" என்று சாவியைக் கையில் வைத்து அழுதாய். உன் கண்ணீரைப் பார்த்துக்கொண்டே, பிடித்துவிட்டேன் உன்னை என்று நினைத்தேன்.

நீ இரத்த வாந்தி எடுத்த காலை வந்தது. உன்னை இரண்டு பேர் கைத்தாங்கலாக ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நான் டிக்கியைத் திறந்து, பெயிண்ட் அடிக்கும்போது கண்ணாடியை மூடுகிற பொலித்தீனை எடுத்தேன். அளந்து வெட்டினேன். பின் சீட்டில் விரித்து, சுருக்கம் நீவி, ஓரங்களை உள்ளே செருகினேன். அவசரத்தில் செய்த வேலையில்லை அது, ஆற அமரச் செய்தேன். நீ நின்றபடி பார்த்தாய். வேறு யாருக்கு விளங்காவிட்டாலும் உனக்கு விளங்கும் என்று எனக்குத் தெரியும்.

"அத எடுங்க. அண்ணன் வாந்தி எடுத்தா தொடைக்க நான் இருக்கேன்" என்று சாந்தி சொன்னாள். நான் எடுக்கவில்லை. அவள் பின்னால் ஏறி உன் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். இன்றுவரை அவள் அந்தக் காரில் ஏறியது அந்த ஒரு முறைதான்.

வழி முழுக்க நீ வாந்தி எடுக்கவே இல்லை. வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வந்தாய். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிய பிறகுதான் கையை எடுத்தாய். எல்லாம் தரையில் கொட்டியது. பொலித்தீனில் ஒரு சொட்டு இல்லை.

மூன்றாம் நாள் கட்டிலில் உன் குரல் பூனைக்குட்டி மாதிரி இருந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன். "அந்தப் பொலித்தீன உரிச்சிரு. ஓதம் புடிக்கும்" என்றாய். சரி என்றேன். மறுநாள் நீ போய்விட்டாய். நான் உரிக்கவில்லை. உரித்தால் உனக்குத் தோற்றதாகிவிடும் என்ற வீம்பு. செத்தவனோடு என்ன வீம்பு என்று கேட்காதே. எனக்கும் தெரியவில்லை.

இன்று நானா ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். சீட்டு கறுத்துப் பூஞ்சணம் பூத்திருந்தது. "எதுக்கு தம்பி இத போட்டு வச்சீங்க?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், பீலியிலிருந்து வாளியோடு வந்த சாந்தி சொன்னாள்: "ஒரு ஆள அசிங்கப்படுத்தத்தாங்க."

நானா தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டார். நான் பொலித்தீனை உரித்தேன். சவர்க்காரம் போட்டுக் கை சிவக்கத் தேய்த்தேன். போகவில்லை. துணியே நைந்து கையோடு வருகிறது. உன் பேச்சில் பாதி வெறும் அலட்டல். இதில் மட்டும் நீ சொன்னது சரியாகப் போய்விட்டது.

இனி இந்தக் காரை விற்கப் போவதில்லை. யாராவது வந்து கேட்டால், ரெண்டே பேர் ஓட்டினது என்றுதான் சொல்வேன். அந்த இரண்டு பேரில் யார் மோசம் என்று சாந்தியிடம் மட்டும் கேட்க மாட்டேன்.