பெட்டியிலிருந்து நான் எடுத்த பட்டுச்சேலை

சேசு மரி சூசை துணை

வண்டிப்பெரியார்
14.2.1971

அன்பு மகள் பிலோமிக்கு அப்பா எழுதுவது. மாதா கிருபையால் நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், கடல் காற்றில் நீயும் உன் பொறுப்பில் வரும் பெரிய துரைசாணியும் அப்படியே இருக்க வேண்டிக்கொள்கிறேன். கப்பல் ஏறுமுன் பம்பாயிலிருந்து நீ போட்ட கடிதம் நேற்றுத்தான் வந்தது. மொம்பாசா துறைமுகத்தில் இது உன் கைக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்று மனது கிடந்து அடித்துக்கொள்கிறது.

அந்த ஊரைத் தாண்டியதும் கேப்டன் விருந்து இருக்கிறது, எல்லோரும் ஜோராக உடுத்தி வருவார்கள், துரைசாணி உன்னையும் பக்கத்தில் உட்காரச் சொல்லியிருக்கிறார், ஆனால் பெட்டியில் அரக்குப் பட்டைக் காணோம், மறந்துவிட்டேனா, நர்ஸ் உடுப்பிலேயே போகட்டுமா என்று கேட்டிருந்தாய். நீ மறக்கவில்லை தாயே. அம்மா மடித்து வைத்ததை நீ பஸ் ஏறிய அன்று காலையில் நான்தான் எடுத்து ஒளித்துவிட்டேன். நேற்று அவளிடம் சொல்லவேண்டியதாயிற்று. எம் பிள்ளைக்கி நான் வச்சத எடுக்க நீங்க யாருன்னு ஒரே கேள்விதான் கேட்டாள், அதிலிருந்து சோற்றைப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்விடுகிறாள்.

தோட்டத் துரைமார் கிளப்பில் இருபத்தாறு வருஷம் வெள்ளைக் கோட்டும் தலைப்பாகையுமாகப் பரிமாறிக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் நின்றவன் நான். ஒரு வருஷப் பிறப்பு விருந்துக்குத் தலைமைக் கிளார்க்கின் சம்சாரம் மதலேனம்மாளையும் கூப்பிட்டிருந்தார்கள். கிளிப்பச்சைப் பட்டு, தலை நிறைய கனகாம்பரம். துரைமார் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சமையல்கட்டில் நாங்கள்தான் சிரித்தோம். அந்தம்மா நடந்த மாதிரி நான் நடந்து காட்டினேன், திரும்பினால் வாசலில் அந்தம்மாவே நிற்கிறார், தண்ணீர் கேட்க வந்திருக்கிறார். அதற்குப் பிறகு அவர் கிளப் பக்கமே வரவில்லை. உன் பெட்டியில் அந்தப் பட்டைப் பார்த்ததும் எனக்கு அந்த முகம்தான் வந்தது, பயந்துவிட்டேன். என் பாவத்துக்கு உன் சேலையை எடுத்தது புத்தி கெட்ட வேலை, வெட்கமாக இருக்கிறது. பார்சல் போட்டாலும் நடுக்கடலுக்கு எப்படி வந்து சேரும்?

நர்ஸ் உடுப்பு வேண்டாம். அதில் போனால் உன்னை நாற்காலிக்குப் பின்னால்தான் நிற்கச் சொல்வார்கள், உனக்கும் அதுவே சௌகரியமாகப் போய்விடும். அந்த நீலச் சுங்குடியை நன்றாக இஸ்திரி போட்டுக் கட்டு, அம்மா போட்டுவிட்ட சங்கிலி போதும், பூ கிடைத்தால் வை. எவன் சிரித்தாலும் சிரித்துவிட்டுப் போகட்டும். துரைசாணிக்கு மாத்திரையை விருந்துக்கு முன்னாலேயே கொடுத்துவிடு, ஈரக் காற்றில் தலைக்குக் குளிக்காதே, தினமும் செபமாலை சொல்.

ஆரோக்கிய மாதா உன்னைக் கரை சேர்க்கட்டும். இன்னொன்று, அதுதான் முக்கியம். சாப்பிட்டு முடித்ததும் நம் வீட்டுப் பழக்கத்தில் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடாதே. எடுக்க ஆள் இருக்கும். நீ உட்கார்ந்திரு.

உன் அப்பா
மத்தியாஸ்