பித்தப்பை போன பிறகு மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

நான் நலம். அறுவை முடிந்து ஒன்பதாம் நாள் எப்படி இருக்கிறேன் என்று கேட்டிருக்கிறாய், பரவாயில்லை, பதில் எழுத உயிர் மிச்சம் இருக்கிறது. நீயும் உன் புது மனைவியும் சுகமாகத்தான் இருப்பீர்கள், அதை வேறு கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமா. அடுத்த மாதம் வந்து பத்து நாள் கூட இருக்கட்டுமா என்றும் எழுதியிருக்கிறாய், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

தொப்புளில் ஒன்று, மேல்வயிற்றில் மூன்று, ஆக நாலு துளை. அது வழியாகக் குழாயை விட்டு, டிவியில் பார்த்துக்கொண்டே பித்தப்பையை உருவி எடுத்துவிட்டார்கள். உனக்குப் போய் விளக்குகிறேன் பார், தினம் இரண்டு பேருக்கு நீ செய்கிற வேலைதானே. ஊரார் வயிற்றையெல்லாம் டிவி வைத்துப் பார்க்கிறவனுக்குப் பெற்றவள் வயிறு மட்டும் போனிலேயே தெரிந்துவிட்டது. வலது விலாவுக்குக் கீழே பிடுங்குகிறது, முதுகு வரை போகிறது என்று ஒன்றரை வருஷமாகச் சொல்லச் சொல்ல, எல்லாம் கேஸ்தாம்மா, ராத்திரி கொஞ்சமா சாப்பிடு என்றாய். வீட்டிலேயே டாக்டர் இருக்கும்போது வெளி டாக்டர் எதற்கு என்று நானும் பீற்றிக்கொண்டு மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அன்றைக்குக் குளியலறையில் சுருண்டு விழுந்தபோது மூன்று தடவை உனக்குத்தான் போன் அடித்தேன். நாலாவது தடவை, நீ வேண்டாம் என்று தள்ளிவிட்டாயே, அவளுக்கு அடித்தேன். நீ அவளை அனுப்பியபோது வாயை மூடிக்கொண்டு நின்றவள் நான், வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். அசையாதீங்கத்தே, இதோ வந்துட்டேன் என்று வேலை பார்க்கிற மருந்துக்கடையின் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து, ஆள் வைத்துக் கதவை உடைத்துத் தூக்கிக்கொண்டு போனாள். சீழ் பிடித்துவிட்டது, இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா வெடிச்சிருக்கும் என்றார் டாக்டர். என் பையனும் சர்ஜன்தான் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ஒரு ஸ்கேன்கூட எடுக்கச் சொல்லலையா அவர் என்று டாக்டர் கேட்டார். அவன் சொன்னான், நான்தான் கேட்கவில்லை என்று கூசாமல் புளுகினேன். உனக்காகச் சொன்ன கடைசிப் பொய் அது. ஒப்புதல் தாளில் உறவு என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு அவள் விழித்தாள். மகள் என்று எழுதடி என்றேன், எழுதினாள்.

இப்போது உன் அறையில் அவள் இருக்கிறாள். அதனால் பத்து நாள் வேண்டாம். உன் சட்டைகளையும் பட்டம் வாங்கிய போட்டோவையும் பெட்டியில் கட்டி வராந்தாவில் வைத்திருக்கிறேன், வந்து எடுத்துக்கொண்டு போ.

உன் கை படுகிற நோயாளிகள் எல்லோரும் பிழைத்துக் கிடக்கட்டும், நீயும் நூறு வயசு இரு. மறக்காமல் ஒன்று, வந்தால் மணியை அடித்துவிட்டு வாசலிலேயே நில். உள்ளே விடுவதா வேண்டாமா என்று அவள் சொல்வாள்.

இப்படிக்கு,
உன் பழைய மனைவியின் அம்மா