உன் முகம் போடாத போஸ்டர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், அவருடைய முழங்காலைக் கணக்கில் சேர்க்காமல் சொன்னால். அது தனி ஆள் மாதிரி எங்களோடு குடியிருக்கிறது, காலையில் அதன் மனநிலையைப் பார்த்துத்தான் அன்றைக்கு எங்கே போகலாம் என்று முடிவு செய்கிறோம். உன் கணுக்கால் வீக்கம் வற்றியதா? போன வாரம் தொலைக்காட்சியில் பார்த்தபோது இடது காலைக் கொஞ்சம் யோசித்து ஊன்றுகிற மாதிரி இருந்தது. அப்பா இல்லவே இல்லை என்கிறார், அவர் பந்தைப் பார்க்கிறவர், நான் உன்னைப் பார்க்கிறவள். அண்ணன் வீட்டில் எல்லோரும் சௌக்கியம், சின்னவள் பேச ஆரம்பித்துவிட்டாள், எதற்கெடுத்தாலும் ஏன் ஏன் என்று கேட்டு உன் அண்ணியை ஒரு வழி பண்ணுகிறாள். போனில் கூப்பிட்டால் நல்லாயிருக்கேம்மா என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறாய், சொல்ல வந்ததைச் சொல்ல முடிவதில்லை, அதனால்தான் கடிதம். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

நீ அந்தப் பெரிய அணிக்குப் போன பிறகு இங்கே உன் பழைய ஹாக்கி கிளப் என்ன பாடுபடுகிறது என்று உனக்குப் பாதிதான் தெரியும். உன்னோடு ஒரே அறையில் இருந்தாளே கோல்கீப்பர், நீங்கள் எல்லோரும் 'கதவு' என்று கூப்பிடுவீர்களே, அவள் சில மாதங்களுக்கு முன்னால் வீட்டுக்கு வந்தாள். சமையலறை முக்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். உங்க பொண்ணு போனதும் ஆட்டம் பார்க்க வர்றவங்கள்ல பாதிப் பேர் கூடவே போயிட்டாங்கம்மா, மீதிப் பேர் அவ திரும்பி வருவாளான்னு பார்த்துட்டுப் போயிட்டாங்க என்றாள். சீசனின் கடைசி ஆட்டத்தில் அரங்கம் பாதியாவது நிரம்பவில்லையென்றால் அணியைக் கலைத்துவிடுவோம் என்று முதலாளிகள் சொல்லிவிட்டார்களாம். சின்னப் பெண்களை யாராவது எடுத்துக்கொள்வார்கள். கதவுக்கு வயதாகிவிட்டது, வேறு கிளப்புகள் வயதைக் கேட்டதும் பார்க்கலாம் என்று போனை வைத்துவிடுகின்றனவாம். அவள் போன பிறகு அப்பாவிடம் சொன்னேன், அடுத்த ஆட்டத்துக்கு நான் போகிறேன் என்று. உன் பொண்ணு இல்லாத ஆட்டத்துல உனக்கு என்ன வேலை என்றார். அவர் கேட்டதுதான் ஊரே கேட்கிற கேள்வி என்று அப்போது புரிந்தது.

போனேன். உள்ளே நுழைந்ததுமே காது அடைத்துவிட்டது. விசில் ஊதினால் ஒலிபெருக்கியில் பாட்டு, பந்து வெளியே போனால் பாட்டு. நடுநடுவே ஒரு குழாயில் டீ-சர்ட்டுகளைச் சுருட்டி வைத்துக் கூட்டத்துக்குள் சுடுகிறார்கள், சனங்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு அந்தக் குழாய் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கிறார்கள். எனக்கு முன்னால் இருந்தவர் ஒன்றைப் பிடித்தார், போட்டுப் பார்த்தார், அளவு சரியாக இருந்தது, எழுந்து போய்விட்டார். இன்னும் பாதி ஆட்டம் பாக்கி. நான் இத்தனை வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள், எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. பலூன் காட்டி வரவழைத்த பிள்ளை, பலூன் உடைந்ததும் வீட்டுக்குப் போகணும் என்று அழும். பக்கத்தில் உட்காருகிற பிள்ளையைப் பிடித்துப்போனால் காய்ச்சலோடு வந்து நிற்கும், நாம்தான் கெஞ்சித் திருப்பி அனுப்ப வேண்டும்.

அன்றைக்கு என் பக்கத்தில் ஒரு தையற்கடைக்காரி, டெய்லர் அக்கா என்றுதான் இப்போது எல்லோரும் கூப்பிடுகிறோம், யாரோ கொடுத்த இலவச டிக்கெட்டில் முதல்முறையாக ஹாக்கி பார்க்க வந்திருந்தாள். எதுக்கு விசில் ஊதினாங்க என்று என்னைக் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் பாட்டு. சரி என்று என் செருப்பைத் தட்டிக் காட்டினேன், பந்து காலில் பட்டால் தப்பு என்று. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நடுவர் ஊதுவதற்கு முன்னாலேயே அவள் செருப்பு தட்டுகிறது. ஒரு விதி தெரிந்ததும் அவளுக்குக் கண் திறந்துவிட்டது பாப்பா, அடுத்தது, அடுத்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், நம் வீட்டுச் சின்னவள் தோற்றாள். அடுத்த ஆட்டத்துக்கும் வந்திருந்தாள், ஆனால் எதிர்ப்பக்கத்தில். டிக்கெட் கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறையும் எங்கேயாவது தூக்கிப் போடுகிறது. அங்கிருந்து கையை ஆட்டிக் கூப்பிட்டாள், நானும் போனேன், காவலாளித் தம்பி மறித்தான். உங்க சீட் அங்கதானேம்மா என்றான். சுற்றிக் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை காலி நாற்காலி, அதில் இரண்டு பெண்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்காரக் கூடாது. காலியா இருந்தாலும் ரூல் ரூல்தாம்மா என்கிறான், பாவம் அவன் என்ன செய்வான்.

நேராக மேனேஜரைப் பார்க்கப் போனேன். நீ இருந்தபோது இருந்தவர் இல்லை, புதியவர், நல்ல பிள்ளைதான், தூக்கம் இல்லாத கண். கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கிற நான்காம் பகுதியை எங்களுக்குக் கொடுங்கள், வருகிறவர்களுக்கு சீசன் முழுக்க ஒரே இடம், எங்கள் தலைக்கு மேல் இருக்கிற ஒலிபெருக்கியை நிறுத்திவிடுங்கள் என்றேன். முதலாவதற்குத் தலையாட்டினார். இரண்டாவதற்கு, சத்தம் இல்லேன்னா ஆட்டம் செத்துடும்மா என்றார். சத்தத்தை நீங்களே போட்டுட்டா அவங்க எதுக்குப்பா போடணும் என்று கேட்டேன். போனை எடுத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்.

அப்புறம் என்ன, என் பழைய வேலைதான். யார் வரவில்லை என்று பார்ப்பேன், மறுநாள் போன் செய்வேன். ஒரு பஸ் டிரைவர் இரண்டு ஆட்டம் வந்துவிட்டு நின்றுவிட்டார், கூப்பிட்டால் தோத்துக்கிட்டே இருக்கீங்களேம்மா என்று இழுத்தார். தோற்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், உங்கள் சீட்டில் பின்னால் இருக்கிறவர் பையை வைக்கிறார், வந்து அதை எடுத்துவிட்டுப் போங்கள் என்றேன். பொண்டாட்டியோடு வந்தார். அவர் பையை எடுக்க, பைக்காரர் முறைக்க, இப்போது இருவரும் ஒரே ஃபிளாஸ்க்கில் டீ குடிக்கிறார்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். தோற்ற அன்றைக்கு நம் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு நேராக உள்ளே போய்விடுவார்கள், நீயும் அப்படித்தான் போவாய். கதவிடம் சொன்னேன், ஒரு நிமிஷம் எங்கள் பக்கம் வந்து நின்றுவிட்டுப் போ என்று. என்ன சொல்றதும்மா, அசிங்கமா இருக்கு என்றாள். எதுவும் சொல்ல வேண்டாம், நில் என்றேன். கவசத்தோடு வந்து நின்றாள். டெய்லர் அக்கா எழுந்து, அந்த மூணாவது கோல் உன் தப்புதான் என்றாள். கதவு, ஆமாக்கா, தரையில தெளிச்ச தண்ணி பளபளத்துக் கண்ணு கூசிடுச்சு என்றாள். பகுதி முழுக்கச் சிரிப்பு. அடுத்த முறை அக்கா தன் கையால் தைத்த ஒரு துணித் தொப்பியோடு வந்தாள், கோல்கீப்பர் தலைக்கவசம்தான் போட வேண்டும், தொப்பி போட முடியாது என்று தெரிந்தும் கதவு அதை வாங்கி வைத்து, ஆட்டம் முடிந்ததும் போட்டுக்கொள்கிறாள். ஜெயித்தால் கைதட்டுவதற்கு யார் வேண்டுமானாலும் வருவார்கள். முகத்துக்கு நேரே குறை சொல்லும் உரிமை கிடைத்த இடத்தைத்தான் மனிதர்கள் தங்களுடையது என்று நினைக்கிறார்கள், வகுப்பிலும் அப்படித்தான், வீட்டிலும் அப்படித்தான். நான்காம் பகுதி நிரம்பிவிட்டது. மூன்றிலும் ஐந்திலும் இருக்கிறவர்கள் தாங்களாகவே போய் எங்கள் ஒலிபெருக்கியையும் நிறுத்துங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ஆனாலும் பாதி அரங்கம் என்பது இன்னும் வெகுதூரம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கடைசி ஆட்டம் உன் அணியோடு என்பது உனக்குத் தெரியும். நேற்று மேனேஜர் ஒரு போஸ்டரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார், விரித்தால் கூடம் முழுக்க உன் முகம். 'மின்னல் திரும்புகிறாள்' என்று உன் பட்டப்பெயரைப் போட்டு எழுதியிருக்கிறது. அழகாக இருந்தாய், அதை மறைப்பானேன். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்தார். நான் வேண்டாம் என்றேன். மேனேஜர் அதிர்ந்துபோனார். ஒரு நாள் நிரம்பினாப் போதும்மா, கிளப் பிழைச்சுக்கும் என்றார். அப்பாவும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார், பெத்த பொண்ணு முகத்தைப் போட்டா உனக்கு எங்கடி வலிக்குது என்று கேட்டார். எங்கே வலிக்கிறது என்று சொன்னேன். நிரம்பும், எனக்கும் தெரியும். ஆனால் வருகிறவர்கள் உன்னைப் பார்க்க வருவார்கள். நீ கோல் போட்டால் அரங்கமே எழுந்து நின்று கத்தும், அந்தக் கோலை வாங்கிக்கொண்டு கதவு தன் சொந்த மைதானத்திலேயே அன்னியமாக நிற்பாள். அடுத்த சீசன் முதல் நாள் பழையபடி காலி நாற்காலி, முதலாளிகள் அப்போது கலைப்பார்கள். நீ இருந்தவரைக்கும் இந்த ஊர் சுவர்களில் உன் முகத்தைத் தவிர வேறு முகம் ஒட்டியதே இல்லை. ஒரே ஒரு ஆளைப் பார்க்க வரச் சொல்லிப் பழக்கினார்கள், அந்த ஆள் போனதும் அவர்களும் போனார்கள். உன் மேல் தப்பே இல்லை, உன் வேலை ஆடுவது. தப்பு பசைவாளியைத் தூக்கிக்கொண்டு போனவர்களுடையது.

அதற்குப் பதில் என்ன போடுவது என்று மேனேஜர் கோபமாகக் கேட்டார், கேட்க வேண்டிய கேள்விதான். இன்று காலை நான்காம் பகுதி ஆட்கள் எல்லோரும் வேலைக்குப் போவதற்கு முன்னால் மைதானத்தில் கூடினோம். கோல் முன்னால் கதவு எங்களைப் பார்த்து நிற்க, அவள் முதுகும் எங்கள் முகங்களும் தெரிகிற மாதிரி படம் எடுத்தார்கள். ஒவ்வொருவரும் பக்கத்தில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு, மூன்றிலும் ஐந்திலும் பரவி உட்கார்ந்திருக்கிறோம். கீழே 'பக்கத்து இடம் உங்களுடையது' என்று மட்டும் எழுதச் சொன்னேன். ஆளுக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து, அந்த இடத்தில் உட்கார வைத்து, விசில் எதற்கு என்று சொல்லிக்கொடுப்பது எங்கள் பொறுப்பு. டெய்லர் அக்கா தன் கடைக்கு வருகிறவர்களின் ரவிக்கையைக் கடைசி ஆட்டத்தன்று அரங்கத்தில்தான் கொடுப்பேன் என்று மிரட்டிக்கொண்டிருக்கிறாள். அச்சாகி வந்ததும் டிரைவர் தன் பஸ்ஸிலேயே படத்தை ஒட்டப்போகிறாராம். போதுமா என்றால் தெரியாது. போதாமலும் போகலாம் பாப்பா, அதையும் யோசித்துத்தான் நிற்கிறேன்.

மேனேஜர் அரை மனதோடு ஒப்புக்கொண்டார், ஆனால் போகும்போது, உங்க பொண்ணுகிட்ட ஒரு சின்ன வீடியோ கேட்கப்போறேன், எல்லாரும் வாங்கன்னு அவ சொன்னாப் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். உனக்கு இரக்க மனசு, பழைய கிளப் என்றால் உடனே சம்மதித்துவிடுவாய். கூடாது. முடியாது என்று மரியாதையாகச் சொல்லிவிடு. அவர் வருத்தப்படுவார், பரவாயில்லை, நான் சமாதானம் செய்கிறேன். இன்னொன்று, அன்று ஆடும்போது எங்களைப் பார்த்துப் பாவப்பட்டுப் பந்தை வெளியே அடித்துவிடாதே. வேண்டுமென்றே தவறவிட்டால் கதவு உன்னை மன்னிக்க மாட்டாள். நானும்தான். முழு பலத்தோடு அடி, அதை அவள் தடுக்கட்டும், தடுத்ததைப் புதிதாக வந்தவர்கள் பார்க்கட்டும். அவளைப் பார்க்க அவர்கள் மறுபடி வருவதற்கு அதைவிட நல்ல காரணம் எங்களால் கொடுக்க முடியாது. நீ பந்தோடு எங்கள் பக்கம் ஓடி வரும்போது உனக்கு எதிராகக் கத்துகிறவர்களில் என் குரலும் இருக்கும், தொண்டையைத் தயார்படுத்திக்கொண்டிருக்கிறேன். அப்பா எந்தப் பக்கம் உட்காருவார் என்று இன்னும் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை.

வரும்போது கட்டிலுக்கு அடியில் கிடக்கிற உன் பழைய மட்டைகளை எடுத்துக்கொண்டு போய்விடு, துடைப்பத்தை உள்ளே விட முடியவில்லை. ராத்திரி கணுக்காலுக்குத் தலையணை வைத்துப் படு. வேளாவேளைக்குச் சாப்பிடு. உடம்பும் மனசும் நன்றாக இருந்து, நீ இறங்குகிற எல்லா ஆட்டத்திலும் ஜெயிக்க வேண்டும் என்று என் ஆசிகள், இந்த ஒன்றைத் தவிர.

நான்காம் பகுதியிலிருந்து,
உன் அம்மா