உன் கடைசி சேபருக்கு யார் எண் ஒட்டுவது?

அன்புள்ள சவரி மச்சான்,

நீ முடிக்காமல் விட்டுப்போன சேபர் விமானத்தின் இடப் பக்கம் முடிந்துவிட்டது. வலப் பக்கத்தில் நட்சத்திரம் மட்டும் இருக்கிறது, எண் இல்லை. இன்று காலை ஈப்போ சிலிபினில் உள்ள உன் வீட்டுக்குப் போய் நானே பார்த்தேன். உன் மனைவி மேரி அக்காவும் பக்கத்தில் இருந்து உறுதிப்படுத்தினார். இடப் பக்கத்தை முடித்தவன் நான் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பத்திரிகையிலேயே போடுகிறேன். ஊரும் படிக்கட்டும்.

உன் தங்கையைக் கட்டியவன் நான். இத்தனை வருஷமாக உன் விமானங்களுக்கு எண் ஒட்டியவனும் நான்தான். உன்னை அறியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியில் வரும் போர் விமானத்தை ஒட்டி, சாயம் பூசி, உள்ளங்கையில் நிற்கும் விமானமாக ஆக்குவது உன் பொழுதுபோக்கு. பெட்டிக்குள் டிக்கால் தாள் ஒன்று இருக்கும். தண்ணீரில் ஊறப்போட்டால் அதிலுள்ள அடையாளங்கள் மெல்லிய தோல் போல நழுவி வரும். அவற்றை விமானத்தின் மேல் நகர்த்தி உட்காரவைக்க வேண்டும். ஈப்போ கடைகளில் கிடைத்த பெட்டிகளில் எல்லாம் அமெரிக்க அடையாளம். உனக்கு அது பிடிக்காது. “நம்ம தலைக்கு மேல பறந்ததுக்கு எதுக்குலா அவன் முத்திரை?” என்பாய்.

அதனால் அந்தத் தாளின் வெற்று ஓரத்தில் நீயே நீலச் சதுரம் தீட்டி, அதன் நடுவில் மஞ்சளில் பதினான்கு முனை நட்சத்திரம் வரைந்தாய். நம் விமானப்படை சதுரத்தை விட்டு வட்டத்துக்கு மாறிய பிறகும், சேபர் பறந்த காலத்தில் சதுரம்தான் என்று நீ மாறவில்லை. எஃப்.எம். என்று தொடங்கும் எண்கள் என் பொறுப்பு. எங்கள் பத்திரிகையின் ஓவியப் பிரிவில் ஆங்கில விளம்பரங்களுக்காக, தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும் எழுத்துத் தாள்கள் வைத்திருப்பார்கள். அதிகம் செலவாகும் ஆங்கில ‘இ’ தீர்ந்துவிட்டால் தாளைக் கழித்துவிடுவார்கள். உனக்கு வேண்டிய எழுத்துகள் அதில் மிச்சமிருக்கும். கேட்டு வாங்கி வருவேன்.

வார நாள்களில் நீ கமுந்திங்கில், தொழிற்சாலைக்குப் பக்கத்து வாடகை அறையில். ஞாயிற்றுக்கிழமை சிலிபினில். விமானம் நட்சத்திரத்தோடு வந்து சேரும், நான் எண் ஒட்டுவேன். அந்த நட்சத்திரங்களின் அடியில் ஒரு காற்றுக் குமிழைக்கூட நான் பார்த்ததில்லை. எப்படி என்று கேட்டேன். முதலில் பளபளப்புச் சாயம் பூசிக் காயவிட்டு அதன்மேல் ஒட்டினால் காற்று நிற்காது என்று விளக்கினாய். ஒட்டிய கை யாருடையது என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேள்வி கேட்டே சாப்பிடுகிற தொழில் என்னுடையது.

உன் அடக்கத்துக்குத் தொழிற்சாலை ஆட்களோடு ஒரு சீனர் வந்திருந்தார். பெயர் கொக் வா. என்னைவிட அதிகமாக அழுதார். எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

போன ஞாயிறு அதே கொக் வா, ஒரு பிஸ்கட் டின்னில் பஞ்சுக்கு நடுவே சேபரை வைத்து, பஸ்ஸில் மடியிலேயே சுமந்து கொண்டுவந்தார். சாயம் வரைக்கும் நீ முடித்திருந்தாய். நீ தீட்டிய நட்சத்திரங்களும் டின்னுக்குள் இருந்தன. கொக் வா ரப்பர் தோட்டத்துக் கடைக்காரர் மகனாம். என்னைவிட நன்றாகத் தோட்டத்துத் தமிழ் பேசினார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

“நீங்கதானே பேப்பர்கார அண்ணே? எழுத்து போடறவரு?” என்றார்.

“ஆமா. நீங்க?”

“நான் ஸ்டார் ஒட்டறவன்லா.”

மச்சான், அந்த நிமிஷம் நான் மனசுக்குள் சொன்னதை எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். நான் மெச்சிய ஒவ்வொரு நட்சத்திரமும் இந்த ஆள் ஒட்டியது. வார நாள் மாலைகள் எல்லாம் அவருக்கு. எனக்கு ஞாயிறு, அதுவும் பூசைக்குப் போய் வந்த பிறகு.

“எழுத்த மட்டும் என்னைய தொட விட்டதே இல்ல அண்ணே. என் மச்சான் கை மாதிரி வராதுன்னு சொல்லிருவாரு. எத்தன தடவ எனக்கு வயிறு எரிஞ்சிருக்கு தெரியுமா?”

நான் மகிழ்ந்திருக்க வேண்டும். நட்சத்திரம் ஒட்ட என்னை ஏன் கூப்பிடவில்லை என்று நீ ஏதாவது சொன்னாயா என்றுதான் அவரிடம் கேட்டேன். கொக் வா டின்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“உங்க கை அவசரம்னு சொன்னாரு.”

அதன் பிறகு மேசையில் பேச்சு சரியில்லை. கடைசி விமானம் என்பதால் முழுவதையும் நானே முடிக்கிறேன் என்றேன், குடும்பத்து ஆள் என்ற உரிமையில். அந்தச் சொல்லை அழுத்தித்தான் சொன்னேன். நீ இந்தச் சேபரை ஒட்டிய மாலைகளில் பக்கத்தில் இருந்தது யார் என்று கொக் வா கேட்டார். பதில் தெரிந்த கேள்வி. மேரி அக்கா தேநீரைக் கொண்டுவந்து எங்கள் நடுவில் வைத்தார்.

“போதும்லா ரெண்டு பேரும். அதுக்கு ரெண்டு பக்கம் இருக்குல்ல? ஆளுக்கு ஒரு பக்கம் போடுங்க. நாப்பதாம் நாள் பூசைக்கு அவரு படத்துக்குப் பக்கத்துல வைக்கணும். எனக்கு அதுதான் வேணும்.”

அக்கா அதைச் சொன்ன விதத்தில் நாங்கள் அடங்கிப்போனோம். கொக் வா எனக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்தார். நான் என் எழுத்துத் தாளில் பாதியை வெட்டிக் கொடுத்தேன். இடம் அவருக்கு, வலம் எனக்கு. முதுகைக் காட்டியபடி மாறி மாறி ஒட்டினோம். அவர் ஒட்டும்போது நான் பார்க்கவில்லை, நான் ஒட்டும்போது அவரும் பார்க்கவில்லை. எந்த உயரத்தில் ஒட்டுகிறாய் என்று ஒருவரையொருவர் கேட்கவும் இல்லை.

முடித்து மேசை நடுவில் வைத்து, வால் பக்கமிருந்து பார்த்தோம். ஒரு பக்கத்து எண் மேலே நின்றது, மறுபக்கத்து எண் கீழே நின்றது. ஒரே விமானம் என்றே சொல்ல முடியாது.

பட்டர்வொர்த் விமானத் தளத்தில் பொதுமக்களை உள்ளே விட்ட நாளில் நீ எடுத்த புகைப்படத்தை அக்கா கொண்டுவந்தார். எண் நட்சத்திரத்தின் நடுவுக்கு நேராக இருந்தது. நான் அதன் மேல்விளிம்புக்கு நேராக ஒட்டியிருந்தேன். இதுவரை நட்சத்திரத்தோடு விமானம் வந்ததும் நீ பென்சிலில் மெல்லிய கோடு போட்டுத் தருவாய், நான் அதன்மேல் ஒட்டுவேன். கோட்டை நீ எங்கிருந்து அளந்தாய் என்று ஒருநாளும் கவனித்ததில்லை.

கொக் வா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “அந்தப் பக்கமும் நான் போட்டுடவா அண்ணே?” என்று மெதுவாகக் கேட்டார். வேண்டாம் என்றேன். ஒட்டு டேப்பால் என் எண்ணை நானே உரித்தேன். ஒட்டிய எழுத்தை உரித்தால் மறுபடி ஒட்ட முடியாது, கிழிந்துவிடும். மிச்சமிருந்த ‘எம்’ கொக் வாவுக்குக் கொடுத்த பாதியில் போய்விட்டது. அவர் ஒட்டியதைப் பார்த்தேன். நேராக இருக்கிறது. ‘எஃப்’க்கும் ‘எம்’முக்கும் நடுவே விட்ட இடைவெளிகூட நான் விடுவதைப் போலவே இருக்கிறது. நீ கமுந்திங்குக்குக் கொண்டுபோன விமானங்களில் என் வேலையைப் பார்த்துப் பார்த்துப் பழகியிருக்கிறார்.

ஏன் மச்சான் எங்கள் இருவரையும் ஒரு நாளாவது ஒரே மேசையில் உட்காரவைக்கவில்லை? சண்டை வரும் என்று பயந்தாயா? இல்லை, நாங்கள் இருவரும் சேர்ந்துவிட்டால் உனக்கு வேலை இருக்காது என்றா? மேரி அக்காவிடம் கேட்டேன். அவருக்கும் தெரியாது.

நிலவரம் இது. புதிய எழுத்துத் தாள் கோலாலம்பூரிலிருந்து வெள்ளிக்கிழமை பத்திரிகை வேனில் வருகிறது என்று ஓவியப் பிரிவில் சொல்லியிருக்கிறார்கள். சனிக்கிழமை கொக் வா கமுந்திங்கிலிருந்து வருகிறார். அவர் ஸ்கேல் பிடிப்பார், நான் ஒட்டுவேன். கூப்பிட்டது நான்தான். பூசை ஞாயிற்றுக்கிழமை.

ஒன்று மட்டும் முடிவாகவில்லை. சேபரை உன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு பக்கம்தான் வருகிறவர்களைப் பார்க்கும், மறுபக்கம் சுவரைப் பார்த்திருக்கும். யார் ஒட்டிய பக்கம் வெளியே தெரியும் என்று அக்காவிடம் கேட்கக் கூடாது என்றிருந்தேன். கொக் வா கேட்டுவிட்டாராம். பூசையன்று காலையில் சொல்வதாக அக்கா பதில் சொல்லியிருக்கிறார்.

என் பக்கம் சுவரைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியாது என்று உனக்கு வாக்குக் கொடுக்க முடியாது. சுவர் மட்டுமே பார்த்தாலும் அந்த எண் நேராக நிற்கும். அந்த வாக்கைக் கொடுக்கிறேன்.

உன் தங்கை ரோசலினின் வீட்டுக்காரன்,
உன் மச்சான்
அந்தோணி