மலைக்கல் பேட்டரி

12.6.1996, புதன்

மேலக்கரடு துணைச் சுகாதார நிலையத்துக்கு இன்று ஒரு ஜீப் வந்தது. வந்தவர் பாளையங்கோட்டைக் கல்லூரி வாத்தியார் சிவசண்முகம். ஊருக்குப் பின்னாலுள்ள கரட்டில் கிடக்கும் கறுப்புக் கல்லை உருக்கி, இரும்புத் தகடு செய்து, பேட்டரி கட்டுவாராம். கூரையில் சோலார் பலகை வைத்து, வெயிலில் கிடைக்கும் கரண்டை அதில் சேர்த்துவைத்தால் என் பிரசவ அறைக்கு விளக்கு எரியுமாம். அதுவும் சும்மா! சும்மா யார் எதைத் தருகிறார்கள்?

20.6.96

ஆறு மூட்டைக் கல் ஏற்றிப் போனார்கள். ஒரு விளக்குக்கு ஆறு மூட்டையா? முப்பிடாதி நிறைமாசக்காரி, சிரிக்கிறாள். "கல்லுதான நர்சக்கா, போவட்டும்."

3.7.96

கரட்டு உச்சிப் பாறைகளில் சிவப்புப் பெயிண்ட் குறி. "நான் போடலம்மா" என்கிறார் வாத்தியார். பின்னே யார், பேயா?

19.7.96

பேட்டரிப் பெட்டி கட்டில் அகலம் இருக்கிறது. விளக்கு எரிகிறது. சாயங்காலம் மழை இருட்டில் முப்பிடாதிக்குப் பெண் பிறந்தது. தையல் போடும்போது ஊசி முனை தெளிவாகத் தெரிந்தது. நல்ல வெளிச்சம். அதுதான் பயமாக இருக்கிறது.

6.8.96

பேட்டையில் பெட்டி செய்த பட்டறைக்குப் போனேன். அலி அக்பர் பாய் சொன்னார்: "எனக்கு வந்தது ஒத்த மூட்டைதாம்மா. மத்ததெல்லாம் அருணாசலம் அண்ணாச்சி லாரியில போயிட்டு."

அருணாசலம் குவாரிக்காரர். ஜீப்பே அவருடையதாம்; குவாரிக்காகக் கரட்டில் சிவப்புக் குறி போட்டதும் அவர் ஆட்கள்தானாம். நெனச்சேன்! நெனச்சேன்லா!

7.8.96

கல்லூரிக்கே போய்க் கேட்டுவிட்டேன். வாத்தியார் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஆராய்ச்சிக்கு உதவுதேன்னு சொன்னாரும்மா..."

நடிப்பா? தெரியவில்லை.

18.8.96, ஞாயிறு

ஊர்க்கூட்டத்துக்கு அருணாசலம் வந்தார். "கரட்டை எனக்கு விடுங்க. வீட்டுக்கு வீடு லைட்டு எரியும்." சம்மதம் என்று கைகள் உயரத் தொடங்கின. வாத்தியார் எழுந்தார். ஒத்து ஊதத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"ஊரு முழுக்க விளக்கெரிய ஓடையில உருண்டு கெடக்க கல்லே போதும். கரட்டை வெட்டாண்டாம். செஞ்சு பாத்தவன் சொல்லுதேன்."

"என் ஜீப்புல வந்துட்டு எனக்கே குழி பறிக்கீரா வே?"

வாத்தியார் உட்காரவில்லை. முப்பிடாதிதான் பிள்ளையைத் தோளில் போட்டபடி, "கரடு கெடக்கட்டும் அண்ணாச்சி" என்றாள். உயர்ந்த கைகள் பைய இறங்கின.

30.9.96

வாத்தியார் பஸ்ஸில் வந்து, மீதி வழியை நடந்தே வந்தார். சட்டையெல்லாம் வேர்வை. ஓடையில் பெண்கள் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். கரையில் செருப்பைக் கழற்றினேன். பிறகு ஒரு கூடையை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன்.

"எந்தக் கல்லு சார் எடுக்கணும்?"